பலகைக்கு அளந்த பாத்ரூம்

ஒரு கிழவி குளிப்பதற்கு ஒன்பதடி நீளத்தில் பாத்ரூம் எதற்கு என்று ஷிபானா கேட்டாள். கேட்டதில் தப்பே இல்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன். எனக்குப் பதில் தெரியும் என்பதால் வாயை மூடிக்கொண்டு அவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழவி ஹப்சா அக்கா, ஷிபானாவின் மாமியார். நெட்டப்பாக்கம் போகிற ரோட்டில் எங்கள் ஊருக்குள் திரும்பினால் முதலில் வருவது அவர்களுடைய தவிட்டுக் கடைதான். அவளுடைய வீட்டுக்காரர் ஜாபர் அலி ஆரம்பித்தது. அவர் போன பிறகு மகன் தமீம் அன்சாரி பார்த்துக்கொள்கிறான். பண்டசோழநல்லூர்ப் பக்கத்து மாட்டுக்காரர்கள் தவிடும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் அங்கேதான் வாங்குவார்கள். முன்னால் கடை, அதன் பின்னால் இரண்டு அறை, அடுப்படி, அதையும் தாண்டினால் ஒரு தோட்டம், தோட்டத்தின் கோடியில் மூட்டை அடுக்கும் குடோன். வீடு முழுக்கத் தவிட்டு வாசனை அடிக்கும். மாட்டு வாசல் வழியாகச் சொர்க்கத்துக்குப் போகப் போகிறோம் என்று ஹப்சா அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் ஊரில் அவளைத் தேடி ஆள் வருவது தவிட்டுக்காக இல்லை. எங்கள் ஜமாத்தில் ஒரு பெண் இறந்துபோனால் குளிப்பாட்டுவது அவள்தான். நான் பாத்திமுத்து, அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுக்குக் கூட நிற்பேன். அவள் கழுவுவாள், நான் தண்ணீர் ஊற்றுவேன். கூலி கிடையாது. யாராவது கொடுக்க வந்தால் அவள் பார்க்கிற பார்வையில் நீட்டிய கை தானாக மடங்கிவிடும்.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் காய்ச்சல் வந்து இரண்டே நாளில் போய்விட்டாள். அன்று குளிப்பாட்ட வந்தவள் வேறு எங்கோ போக வேண்டிய அவசரத்தில் இருந்தாளாம், குழந்தையின் தலைமுடியைச் சரியாக அலசவில்லையாம். பித்தளை அண்டா தேய்ப்பது போலத் தேய்த்தாள் என் பிள்ளையை என்று ஹப்சா அக்கா இத்தனை வருஷம் கழித்தும் சொல்வாள். அதற்குப் பிறகுதான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். மய்யித்தின், இறந்த உடம்பின், முடியை அவ்வளவு பொறுமையாக அவள் சிக்கெடுப்பதைப் பார்த்தால், உயிரோடு இருந்தபோது அந்த மனுஷிக்கு யாராவது அப்படி வாரிவிட்டிருப்பார்களா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த வேலையில் இப்போது பெரிய தொல்லை இடம். கல்யாணத்துக்கு மண்டபம் இருக்கிறது. காது குத்துவதற்குக்கூட மண்டபம் இருக்கிறது. ஒரு பொம்பிளை செத்தால் மறைவாகக் குளிப்பாட்டக் கையகல இடம் இல்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகை ஆண்களுக்கு. பெண்களை அவரவர் வீட்டில்தான் குளிப்பாட்ட வேண்டும். வீடுகளோ தீப்பெட்டி அடுக்கியது போலச் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கின்றன. அதனால் சந்தில் கயிறு கட்டிப் புடவைகளைத் தொங்கவிட்டு, செங்கல் மேல் பள்ளிவாசலில் இருக்கும் மய்யித்துப் பலகையைப் போட்டு வேலையை முடிப்போம். முன்பெல்லாம் பலகைக்கு அடியில் குழி தோண்டி, அந்தத் தண்ணீர் யார் காலிலும் மிதிபடாமல் மண்ணுக்குள் இறங்கச் செய்வார்கள். இப்போது சந்தெல்லாம் சிமெண்ட். தண்ணீர் நேராகச் சாக்கடைக்கு ஓடும், அதன் மேல் பைக் போகும். ஹப்சா அக்காவுக்கு அது ஆகவே ஆகாது.

அந்தப் பெரும்புயல் வந்த வருஷம் பரோட்டாக் கடை அஷ்ரப்பின் அம்மா இறந்துபோனாள். ஊரே தண்ணீரில் நின்றது. அஷ்ரப் வீட்டுக்குள் முழங்கால் அளவு வெள்ளம். ரோட்டோரமாக உயரத்தில் மூடிக் கிடந்த ஒரு கடையின் வாசல்தான் காய்ந்திருந்தது. தமீமின் கடையிலிருந்து மூட்டை மூடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்து சுற்றிலும் கட்டினோம். பாதிக் குளியலில் காற்று ஒரு அறை அறைந்தது. தார்ப்பாயின் ஓரத்து வளையம் பிய்ந்து, மொத்தமும் மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மய்யித்தை வைக்கும் சந்தூக்குப் பெட்டியைத் தூக்க வந்த ஆண்கள் எதிரிலேயே நின்றார்கள். அவர்களாவது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சுற்றியிருந்த மொட்டை மாடிகளில் வெள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையில் போனோடு அப்படியே நின்றார்கள். ஹப்சா அக்கா ஒன்றும் யோசிக்கவில்லை. அந்த அம்மாளின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். படுத்தபடியே மாடியைப் பார்த்து அவள் திட்டிய வார்த்தைகளை நான் அதற்கு முன் அவள் வாயில் கேட்டதில்லை. நான் தார்ப்பாயைப் பிடித்து இழுத்து வந்து மூடுகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. அவளுடைய புடவை, ரவிக்கை, தலை எல்லாம் மய்யித்துத் தண்ணீரில் ஊறிவிட்டது.

வீட்டுக்கு வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தி, என்னெ இப்டி தெருவுல வுட்டுடாதடி. எனக்குப் பொண்ணு இல்ல. நீதான் பாத்துக்கணும். ஒரு கூரை, நாலு சுவரு, ஒரு கதவு. அது போதும் எனக்கு."

"நீ எனக்கு முன்னாடி போவப் போறேன்னு யாரு சொன்னது? மழையில நனைஞ்சி ஒளராத," என்றேன். ஆனால் எனக்குள்ளும் அன்றைக்கு ஏதோ ஒன்று உடைந்து போயிருந்தது. அதற்கப்புறம் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதே புயலில் தமீம் வீட்டுத் தோட்டத்தில் இருந்த பழைய கக்கூஸின் சுவரும் இடிந்து விழுந்தது. வேறு கட்டத் தோட்டத்தில் இடம் போதாது, லோடு வண்டி உள்ளே வந்து திரும்ப வேண்டும். குடோனின் ஒரு மூலையைத் தடுத்து, தோட்டத்துப் பக்கம் வாசல் வைத்து, சின்னதாக ஒரு பாத்ரூம் போட்டுவிடலாம் என்று தமீம் முடிவு செய்தான். வில்லியனூரிலிருந்து கொத்தனார் சேவியரைக் கூட்டி வந்தான். நாலுக்கு நாலு போதும், உட்காரவும் குளிக்கவும் அதற்கு மேல் எதற்கு என்று அவன் சாக்பீஸால் தரையில் கோடு போட்டான்.

ஹப்சா அக்கா முந்தானையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். மூட்டை தைக்கிற சணல் கயிறு. அதில் இரண்டு முடிச்சு போட்டிருந்தாள். ஒரு முடிச்சு பலகையின் நீளம், இன்னொன்று அதன் அகலம். பள்ளிவாசலுக்கு முந்தின நாள் போய், பலகையைத் துடைத்து வைப்பது போல அளந்து வந்திருந்தாள். துணைக்கு நானும் போயிருந்தேன். கயிற்றைத் தரையில் போட்டு, இரண்டு பக்கமும் ஒரு ஆள் நின்று குனிகிற அளவு விட்டு, தலைமாட்டில் வாளி வைக்க இடம் விட்டு, அவளே சாக்பீஸை வாங்கிக் கோடு இழுத்தாள். ஒன்பதடிக்கு அஞ்சடி வந்தது. தமீம் போட்ட கோடு அதற்குள் பச்சைப்பிள்ளை மாதிரிப் படுத்துக் கிடந்தது.

"இன்னாம்மா இது? முப்பது மூட்டை அடுக்கற எடத்த பாத்ரூமுக்குக் கேக்கற?" என்றான் தமீம்.

அப்போதுதான் ஷிபானா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"வழுக்கி வுழுந்தா தூக்க ரெண்டு பேரு உள்ள வர வேணாமா?" என்றாள் ஹப்சா அக்கா. பொய் என்று சொல்ல முடியாது. தூக்குவதற்கு இரண்டு பேர் வரத்தான் வேண்டும். எதற்குத் தூக்குகிறோம் என்பதைத்தான் அவள் விட்டுவிட்டாள்.

தமீம் முனகினான், குடோனைச் சுற்றிச் சுற்றி வந்தான், தலையைச் சொறிந்தான். ஹப்சா அக்கா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் தொணதொணத்தாள். கடைசியில், எப்படியோ கட்டித் தொலை என்று சேவியரிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

சேவியர் லேசுப்பட்ட ஆள் இல்லை. க்ளோசெட்டைத் தெற்கு வடக்காகத்தான் திருப்ப வேண்டும், மேற்கே தொழுகிற திசையான கிப்லாவைப் பார்த்து உட்காரக் கூடாது என்று ஹப்சா அக்கா சொல்ல ஆரம்பித்ததும், "அத்தெ எனக்குச் சொல்றியாம்மா? உங்க தெருவுல பாதி வூட்டுக்கு நான்தான் போட்டுருக்கிறேன்," என்றார். க்ளோசெட்டைக் கோடி மூலையில் ஒதுக்கி, நடுவில் நீளமாக இடம் விட்டார். வாசலைக் குறுகலான பக்கத்தில் வைக்கச் சொன்னாள், வைத்தார். செப்டிக் டேங்கில் சேராமல் குளிக்கிற தண்ணீருக்கு மட்டும் தனியாக உறை இறக்கிக் குழி வேண்டும் என்றாள். அங்கேதான் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. இது உயிரோட இருக்கறவங்க குளிக்கறதுக்குப் போட்ட கணக்கா தெரியலியே. இன்னா விஷயம்?"

ஹப்சா அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள். அஷ்ரப்பின் அம்மா, காற்று, மாடியில் நின்றவர்கள், எல்லாமே. சேவியர் கரண்டியை எடுத்துச் சிமெண்ட் கலவையைக் கிளறினார்.

"எங்க அம்மா போனப்போ பொட்டி மாடிப்படியில திரும்பல," என்றார். "கயித்துல கட்டி வெளிப்பக்கமா எறக்குனோம். நாலு தெரு வேடிக்கை பாத்துது. அன்னிலருந்து எந்த வூட்டுக்கு மாடிப்படி போட்டாலும் எனக்கு அந்த நெனப்புதான் வரும். வூட்டுக்காரங்க கிட்ட எப்டி சொல்றது? வுடு, நான் பாத்துக்கறேன்."

தரைக்கு வாட்டம் அவ்வளவு அழகாகப் போட்டார். ஒரு வாளித் தண்ணீரை எந்தப் பக்கம் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு நிற்காமல் தண்ணீர் இறங்கும் ஜாலி ஓட்டைக்கு ஓடியது. கதவுதான் கடையில் ரெடிமேடாக வந்த பிளாஸ்டிக் கதவு. பாத்ரூம் கதவென்றால் ஒரே அளவுதான் இருக்கிறது. அகலம் கொஞ்சம் குறைவு. சேவியர் கயிற்றை வைத்துப் பார்த்தார். காலில்லாத பலகைதானே, ஒருக்களித்துப் பிடித்தால் சுலபமாகப் போய்விடும் என்றார். ஹப்சா அக்காவும் சரி என்றாள்.

டைல்ஸ் காய்ந்த அன்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். புது நகையைக் காட்டுகிற பெண்ணின் முகம் அவளுக்கு. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அந்தக் காய்ந்த தரையில் மெதுவாக உட்கார்ந்து, மல்லாந்து படுத்துவிட்டாள்.

"எழுந்திரு. பைத்தியமா உனக்கு?"

"இந்தப் பக்கம் நில்லுடி. குனி. கை எட்டுதா? இப்போ அந்தப் பக்கம் போ."

நான் கத்தினேன், திட்டினேன், ஆனால் போய் நின்றேன். குனிந்தும் பார்த்தேன். இடம் சரியாக இருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "இங்க ஒரு லைட்டு வேணும். உனக்குக் கண்ணு செரியா தெரியாது. காது மடிப்பெல்லாம் வுட்டுடுவ," என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். லைட் மறுநாளே வந்துவிட்டது.

ஒரு ஐந்தாறு மாதம் அவள் நிம்மதியாக இருந்தாள். அவ்வளவு நிம்மதியாக அவளை நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் மேசை வந்தது.

எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு குடும்பம் பிரான்சில் இருக்கிறது. தங்கள் தாயாரின் நினைவாகப் பள்ளிவாசலுக்கு எவர்சில்வரில் மய்யித்து மேசை ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். சுற்றிலும் விளிம்பு, தண்ணீர் இறங்க ஓட்டை, அதில் குழாய், கீழே நாலு கால். பளபளவென்று இருந்தது. பழைய பலகை புயல் தண்ணீரில் ஊறி, வெயிலில் பிளந்து, கரையான் பிடித்துக் கிடந்தது. அதை உடைத்துப் புதைத்துவிட்டார்கள்.

எல்லோரும் மேசையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹப்சா அக்கா குனிந்து காலைப் பார்த்தாள். நாலு காலும் வெல்டிங் வைத்தது, கழற்ற முடியாது.

"இது எந்த வூட்டு வாசல்ல நுழையும்?" என்று கேட்டாள்.

"இவ்ளோ நல்ல சாமான் வந்திருக்குது, இன்னா இப்டி கேக்கறீங்க?" என்றார் ஜமாத்துக்காரர் ஒருவர். அவர் தன் ஆயுளில் ஒரு மய்யித்துக்கும் சந்தில் புடவை கட்டியிருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து கயிற்றை எடுத்தாள். அதில் மேசையின் அகலத்துக்குப் புதிதாக மூன்றாவது முடிச்சு ஒன்று இருந்தது. மேசையை நேராகப் பிடித்தாலும் கதவு நிலையில் இடிக்கும். ஒருக்களித்தால் கால் இடிக்கும். ஒரு சாண் அகலம் போதவில்லை. ஊரில் எது மாறினாலும் மய்யித்துப் பலகை மாறும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. அவ்வளவு கணக்குப் போட்டவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"ஒரு பலகை செஞ்சி வச்சிக்கலாம்க்கா. ஆசாரி கிட்ட நான் சொல்றேன்," என்றேன்.

"எங்க வச்சிக்கறது? உங்க வூட்டுலயா?"

நான் இருப்பது மகள் வாடகைக்கு எடுத்த மாடி போர்ஷன். அங்கே துடைப்பம் வைக்கவே சண்டை. பலகை செய்வதானாலும் வாசலை அகலப்படுத்துவதானாலும் தமீமிடம்தான் கேட்டாக வேண்டும்.

மதியம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். தமீம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாத்ரூம் வாசலை இடித்து அகலமாக்கணும் என்று அவள் ஆரம்பித்ததும் கையை நிறுத்தினான்.

"இன்னா பேசற நீ? டைல்ஸ் போட்டு ஈரம் காயல. அதுக்குள்ள இடிக்கணுமா? யானையா குளிக்கப் போவுது உள்ள?"

"மேசை போவணும்டா."

"எந்த மேசை?"

"நான் செத்தா என்னெ எங்கடா குளிப்பாட்டுவ?" என்றாள் ஹப்சா அக்கா. குரல் உயரவில்லை. "நம்ம தோட்டத்துலயா? பக்கத்துல மூணு மாடி கட்டி வச்சிருக்கறான், மேலருந்து பாத்தா அடுப்புல கொதிக்கற சோறு தெரியுது. சந்துலயா? அஷ்ரப் அம்மாவ பாத்தாங்களே, அப்டி என்னையும் பாக்கணுமா? அதுக்குத்தான்டா அந்த நீளம் கேட்டன். மேசை உள்ள போவலன்னா ஒரு பலகையாவது செஞ்சி குடு, குடோன் ஓரமா சாத்தி வச்சிக்கறன்."

தமீமின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு என் மேல் பாய்ந்தான்.

"சின்னம்மா, நீங்கதான் இவுங்க தலையில இதெல்லாம் ஏத்தறது! செத்தவங்கள கழுவி கழுவி ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சு. வூட்டுக்குள்ள மய்யித்துப் பலகையா? புள்ளைங்க இருக்கற வூடு இது! இன்னொரு வாட்டி இந்தப் பேச்சு எடுத்தீங்க, நான் கடையப் பூட்டிட்டு எங்கனா போயிடுவன்."

கதவை அறைந்துவிட்டு ரோட்டுக்கு இறங்கிப் போனான். தராசுத் தட்டு வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வளர்ந்த ஆம்பிளை, ஒரு வாசலை இடிக்க இவ்வளவு கூச்சலா? ஹப்சா அக்காதான் என்னை அடக்கினாள். "அவன் பயந்துட்டான்டி. அவங்க அத்தா போனப்பவும் இப்டித்தான், கபர்ஸ்தானுக்கு வரவே மாட்டேன்னு தூணக் கட்டிகினு நின்னான். கொஞ்ச நாளு வுடு. நானே மெதுவா சொல்லிக்கறன்."

கொஞ்ச நாள் விட்டோம். அந்தக் கொஞ்ச நாளில் தமீம் பாத்ரூமுக்குள் குளிப்பதை நிறுத்திவிட்டான். தோட்டத்து மோட்டார்க் குழாயடியில் நின்று தலையில் ஊற்றிக்கொண்டு போவான். ஷிபானாவும் பகலில் வெளிச்சம் இருக்கும்போது மட்டும் போய்விட்டு ஓடி வந்துவிடுவாள். அந்த ஒன்பதடியில் ஹப்சா அக்கா தனியாகக் குளித்தாள். ஒருமுறை நான் போனபோது உள்ளேயிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெதுவாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு, ஷிபானாவுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே, மார் அடைக்கிறது என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தாளாம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் ஓடிப் போனபோது நறுக்கிய துண்டுகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அரிவாள்மணை பக்கத்திலேயே இருந்தது. அவள் கட்டைவிரலில் கத்தரிக்காய்க் கறை இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஜமாத்தில் சொன்னார்கள். மேசையைக் கொண்டுவந்து தோட்டத்தில் இறக்கினார்கள். வெயிலில் கண் கூசியது. பக்கத்துக் கட்டடம் மூன்று மாடியும் எங்கள் தலைக்கு மேலே நின்றது. நாலு பக்கமும் புடவை கட்டிவிடலாம், எல்லோருக்கும் செய்கிற மாதிரிதானே என்று ஒருத்தி சொன்னாள். பாத்ரூமுக்குள்ளேயே தரையில் கிடத்திவிடலாம் என்றாள் இன்னொருத்தி. ஹப்சா அக்கா தன் வாழ்நாளில் ஒருத்தரையும் தரையில் போட்டுக் குளிப்பாட்டியதில்லை. அவளையா போடுவது? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தமீம் அதுவரை குடோன் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்தான். மேசையைப் பார்த்தான், பாத்ரூம் கதவைப் பார்த்தான். குடோனுக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தான்.

முதல் குத்தில் கதவு நிலை கிழிந்தது. அடுத்து சுவர். டைல்ஸ் தெறித்தது. வேண்டாம்பா, நேரமாகுது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல அவன் காதில் வாங்கவே இல்லை. அழுதுகொண்டே குத்தினான், குத்திக்கொண்டே அழுதான். "ஒரு வார்த்த... ஒரு வார்த்ததான கேட்ட..." என்று ஏதேதோ சொன்னான். கை தோல் உரிந்து கடப்பாரையில் ரத்தம் ஒட்டியது. அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அஷ்ரப் ஓடி வந்து இன்னொரு பக்கம் சம்மட்டியால் அடித்தான். இரண்டு பேருமாக நிலையைப் பிடுங்கி எறிந்து, ஒரு சாண் கேட்ட இடத்தில் மூன்று சாண் இடித்தார்கள்.

மேசை உள்ளே போனது. சரியாகப் போனது. நீளம் பொருந்தியது, இரண்டு பக்கமும் நிற்க இடம் இருந்தது, தலைமாட்டில் வாளி வைக்கவும் இடம் இருந்தது. ஷிபானா சுவர்த் தூளைக் கூட்டி அள்ளித் தரையை நாலு தரம் கழுவினாள். மூலையில் இலந்தை இலை ஊறிய தண்ணீரும் சூடமும் கொண்டுவந்து வைத்தாள்.

ஹப்சா அக்காவை உள்ளே கொண்டுவந்து கிடத்திய பிறகுதான் கதவைத் தேடினோம். கதவு இல்லை. வாசல் இருந்த இடத்தில் பெரிய பொத்தல் இருந்தது. தோட்டம், குழாய், பின்வாசல், சந்து எல்லாம் அப்படியே தெரிந்தது.

தமீம் கடைக்கு ஓடி அந்தத் தார்ப்பாயைக் கொண்டுவந்தான். அதேதான், வளையம் பிய்ந்தது. ஒரு முனையை ஆணியில் மாட்டினான். வளையம் இல்லாத முனையை மாட்ட வழியில்லை. பெண்கள் இரண்டு பேர் பிடிக்கிறோம் என்றார்கள். அவன் விடவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்று, இரண்டு கையையும் அகல விரித்து, தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டான். வெளியே காற்று கொஞ்சம் கிளம்பியது. தார்ப்பாய் உப்பி உப்பி அடங்கியது. ஒவ்வொரு தரமும் அவன் தன் முதுகைக் கொடுத்து அதை அழுத்திக்கொண்டான்.

இந்தத் தடவை நான் கழுவினேன். ஷிபானா ஊற்றினாள். அவளுக்கு இது முதல் தடவை. லைட்டைப் போட்டோம். ஹப்சா அக்கா சொன்னது சரி, அந்த லைட் இல்லாவிட்டால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. காது மடிப்பு, விரல் இடுக்கு, கட்டைவிரல் கறை எதையும் விடவில்லை. முடியைச் சிக்கெடுக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டேன். தண்ணீர் நேராக ஜாலிக்குப் போய், சேவியர் தோண்டிய குழிக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது.

கடைசித் தண்ணீருக்கு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். தார்ப்பாய்க்கு மேலே, உடைந்த சுவருக்குக் கீழே, ஒரு முழம் இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாவது மாடி தெரிந்தது. இடித்த சத்தம் கேட்டு வெளியே வந்திருப்பான் போல, வாடகைக்கு இருக்கிற யாரோ ஒரு ஆள். கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நின்ற இடத்திலிருந்து மேசையின் கால்மாடு தெரிந்திருக்கும். நான் என் தலை முக்காட்டை உருவி ஹப்சா அக்காவின் பாதத்தின் மேல் போட்டேன். அந்த ஆள் என் கண்ணைப் பார்த்தான். பார்த்த பிறகும் உடனே போகவில்லை.

"சின்னம்மா," என்று தமீம் திரும்பாமலே கூப்பிட்டான்.

"சொல்லுப்பா."

"யாரும் பாக்கலயே?"

"யாரும் பாக்கலப்பா," என்றேன். "நல்லா இறுக்கிப் புடிச்சிக்க. இன்னும் கொஞ்ச நேரந்தான்."